தலையணை வழியாக

பிப்ரவரி 3

அன்புள்ள குட்டியத்தைக்கு,

நலமா? எலும்பெல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா? நான் நலம். இவரும் நலம். மாமியார் வழக்கத்தைவிட நலம்.

போன் இருக்கும்போது கடிதம் ஏன், அதையும் பேருந்து நிலைய முகவரிக்கு ஏன் அனுப்புகிறாள் என்று யோசிப்பீர்கள். இந்த வீட்டில் போன் பொதுச்சொத்து. மணி அடித்ததுமே "ஸ்பீக்கர்ல போடும்மா" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அங்கே அப்பாவும் அப்படித்தான். இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் ரகசியம் பேச எனக்குத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். நீங்கள் பாட்டியாகப் போகிறீர்கள். மூன்றாம் மாதம். உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

இன்னொன்று. டாக்டர் முதல் நாளே, குடும்பத்தில் யாருக்காவது எலும்பில் கோளாறு உண்டா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொல்லிவிட்டார்: "இவ அத்தை மட்டும் கொஞ்சம் குள்ளம் டாக்டர். கைக்குழந்தையா இருக்கும்போது மாடிப்படியில விழுந்துட்டாங்களாம்." டாக்டர் என் கண்ணையே பார்த்தார். "உங்க கண்ணோட வெள்ளை எப்பவுமே இப்படி நீலம் பாய்ஞ்ச மாதிரிதான் இருக்குமா?" இவர் முந்திக்கொண்டு, "அதைப் பார்த்துத்தான் டாக்டர் கட்டிக்கிட்டேன்" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை.

உங்களுக்கும் அப்பாவுக்கும் எனக்கும் ஒரே கண். அதுதான் யோசனையாக இருக்கிறது. உங்கள் எலும்புக் கதைகளை முதலிலிருந்து எழுதுங்களேன்.

தலையணை வழியாக அணைப்புடன்,
வாலு

•

பிப்ரவரி 17

என் செல்ல வாலுக்கு,

நலம், நலம். இன்று காலை தடவிப் பார்த்தேன், எல்லா எலும்பும் ஆஜர்.

உன் கடிதத்தை அறிவிப்புக் கூண்டில் உட்கார்ந்து படித்தேன். "பாட்டியாகப் போகிறீர்கள்" என்ற இடத்தில் "ஐயோ என் தங்கமே!" என்று கத்திவிட்டேன். மைக்கை அணைக்கவில்லை. பேருந்து நிலையம் முழுக்க அப்படியே நின்றுவிட்டது. ஒரு டிரைவர் பிரேக் போட்டார். இரண்டு பெண்கள் கழுத்தில் சங்கிலி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்கள். நேரக் காப்பாளர் ஓடி வந்து, "என்னம்மா, என்ன திருட்டுப் போச்சு?" என்று கேட்டார். நான் சமாளித்து, "தங்க நிறப் பை ஒன்று தவறவிட்டவர்கள் அணுகவும்" என்று அறிவித்தேன். நாலு பேர் உரிமை கோரி வந்துவிட்டார்கள்.

சரி, எலும்புக்கு வருவோம். மாடியே இல்லாத வீட்டில் மாடிப்படியிலிருந்து விழுந்த ஒரே ஆள் உலகத்தில் நான்தான். அந்தக் கதையை உன் அப்பாதான் கட்டினார். உனக்கு வரன் பார்த்த காலத்தில் அதற்குக் கைப்பிடி, திருப்பம், ஈரமான ஐந்தாவது படி எல்லாம் நான் சேர்த்தேன். பிற்பாடு எனக்கே அந்தப் படியில் கால் வைக்கப் பயமாகிவிட்டது.

நிஜக் கதை இதைவிடச் சுமார்தான். தும்மியதில் விலா எலும்பு ஒன்று. கைதட்டியதில் ஒரு விரல். பள்ளிக்கூடத்தில் கணக்கு சரியாகப் போட்டேன் என்று டீச்சர் முதுகில் தட்டிக்கொடுத்தார், தோள்பட்டை போயிற்று. அன்றோடு நான் கணக்குச் சரியாகப் போடுவதை நிறுத்திவிட்டேன். மாவுக்கட்டுப் போடுபவர் எங்கள் வீட்டுக்குக் காய்கறிக்காரரைவிட அதிகம் வந்தவர். மாமா ஒருவர் ஊரிலிருந்து வந்த சந்தோஷத்தில் அள்ளி அணைத்தார், கழுத்துக்குக் கீழே காறையெலும்பு போயிற்று. அன்று அம்மா போட்ட சட்டம்தான் உனக்குத் தெரியுமே: இவளை யாரும் கட்டிப்பிடிக்கக் கூடாது.

அந்தச் சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்த வக்கீல் நீதான். நாலு வயதில், கட்டிலில் இருந்த தலையணையை மூச்சு முட்ட இறுக்கிப் பிடித்துவிட்டு, "இந்தாங்கத்தை, இதுக்குள்ள இருக்கு, சீக்கிரம் எடுத்துக்குங்க, ஆறிடும்" என்று நீட்டினாய். இன்றுவரை எனக்கு வந்த அணைப்பெல்லாம் பஞ்சு வழியாக வந்ததுதான்.

நீ கவலைப்படாதே. உன் அப்பாவுக்கும் இதே கண், அவர் உடைத்தது என் பொம்மையை மட்டும்தான். உனக்கு மணிக்கட்டு ஒரே தடவை. இறங்க இறங்கத் தேய்ந்துகொண்டே வருகிறது பார். உன் குழந்தைக்கு வரும்போது ஒன்றும் மிச்சம் இருக்காது.

தலையணை வந்து சேர்ந்தது. என்னுடையதையும் சூடாக அனுப்பியிருக்கிறேன்.
குட்டியத்தை

•

மார்ச் 14

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? இங்கே வெயில் வந்துவிட்டது. அலுவலகத்தில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். தொடை எலும்பு குட்டையாக இருக்கிறது. வளைந்தும் இருக்கிறது. ஒரு விலாவில் ஏற்கெனவே உடைந்து ஒட்டிய தடம் மாதிரி தெரிகிறதாம். வெளியே வருவதற்கு முன்பே, அத்தை. யாரும் தொடாமலே.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். எலும்புக்குள் ஒரு நார் இருக்குமாம், அது சரியாக நெய்யப்படவில்லையாம். எனக்கு உடனே புரிந்தது. கம்பி கட்டாமல் கான்கிரீட் போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்து பிழைக்கிறவள் நான். ஒரே குடும்பத்தில் ஒருவருக்குக் கண்ணோடு நின்றுவிடும், இன்னொருவருக்கு மூச்சு வரைக்கும் போகும் என்றார். "முடிவெடுக்க உங்களுக்கு இன்னும் கொஞ்சம் நாள் இருக்கு" என்றும் சொன்னார். என்ன முடிவு என்று சொல்லவில்லை. அன்று இவர் வரவில்லை, வேலையில் இருந்தார். வீட்டுக்கு வந்து, "எல்லாம் நல்லா இருக்காம்" என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் எழுதியதை இன்னொரு தடவை படித்தேன். சிரித்தேன். எப்போதும் சிரிப்புத்தான் சொல்வீர்கள். அத்தை, வலிக்குமா? நிஜமாக எழுதுங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும்.

(இங்கே ஒரு வரி மையால் அடித்து அழிக்கப்பட்டிருக்கிறது.)

ஒன்றுமில்லை. விடுங்கள்.

தலையணை வழியாக,
வாலு

•

மார்ச் 30

வாலு,

உன் கடிதம் டீ டம்ளருக்கு அடியில் இருக்கிறது. ஒவ்வொரு வண்டியாக அனுப்பிவிட்டு எடுத்துப் படிக்கிறேன். முதலில் வேடிக்கையாக ஒரு பதில் எழுதிக் கிழித்தேன். பிறகு அழுதுகொண்டே ஒன்று எழுதினேன். அது இன்னும் மோசம். எனக்கு அழுகையை எழுத வராது, மளிகைச் சாமான் எழுதின மாதிரி வருகிறது.

வலிக்கும். தும்மலில் விலா போன கதையை உனக்கு எத்தனை விதமாகச் சொல்லியிருப்பேன்! தும்மிய பிறகு நடந்ததைச் சொன்னதில்லை. மூச்சை இழுத்தால் குத்தும், இழுக்காமலும் இருக்க முடியாது. அடுத்த மூச்சு வருவதைப் பார்த்துப் பயந்துகொண்டே கிடக்க வேண்டும். ஆனால் அதுகூடப் பழகிப்போகும். பழகாதது ஒன்று உண்டு.

எலும்பு போவதற்கு ஒரு சத்தம் இருக்கிறது. பென்சில் முனை ஒடிகிற மாதிரி, அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கும் வலிக்கும் நடுவில் ஒரு கண்ணிமைக்கிற நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் நான் என் காலைப் பார்த்ததில்லை. அம்மா முகத்தைத்தான் பார்ப்பேன். அவளுக்கும் கேட்டிருக்கும். அந்த முகம்தான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. நீ என் இடத்தில் உன் குழந்தையை வைத்துப் பார்க்கிறாய். நீ இருக்கப் போவது அம்மாவின் இடத்தில். அதையும் சேர்த்து யோசி.

நீ அடித்த வரியைக் கூண்டு ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் படித்துவிட்டேன். அடுத்தவர் விஷயத்தில் எனக்குக் கண் கூர்மை என்பது உனக்குத் தெரிந்ததுதானே. "நீங்கள் பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று நினைத்ததுண்டா?"

உண்டு. மாவுக்கட்டுக்குள் எறும்பு போன ஒரு கோடையில் தினமும் நினைத்தேன். அப்புறம் வேலை கிடைத்தது. காலையில் முதல் வண்டிக்கு மைக் பட்டனை அமுக்கி, "பயணிகளின் அன்பான கவனத்திற்கு" என்று ஆரம்பிப்பேன். நிலையத்தில் அத்தனை தலையும் ஒன்றாக நிமிரும். எனக்காக நிமிர்கிற தலை! அந்த நிமிஷத்தில் ஒரு நாளும் நினைத்ததில்லை. இரண்டும் நிஜம். கூட்டிக் கழித்து விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை, கணக்கைத்தான் அன்றைக்கே நிறுத்திவிட்டேனே.

ஒன்று மட்டும் எழுதித் தருகிறேன். நீ இந்தக் குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்தால், அது என்னை வேண்டாம் என்று சொன்னதாக ஆகாது. நான் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டேன். பத்திரமாக வைத்துக்கொள்.

தலையணையை நன்றாக இறுக்கித்தான் அனுப்பியிருக்கிறேன்.
குட்டியத்தை

•

ஏப்ரல் 21

என் வாலுக்கு,

நலம். உன் பதில் வரவில்லை. தபால்காரர் என் கூண்டைக் கடக்கும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை. அவருக்கும் ஒரு மனசு இருக்குமே.

ஊர் வம்பு எழுதுகிறேன், கேள். நேரக் காப்பாளர் மீசைக்குச் சாயம் அடித்துக்கொண்டு வந்தார். மழை பெய்தது. மீதிக் கதையை அவர் சட்டை சொல்லிற்று.

நேற்று ஒருவர் புகார் சொல்ல வந்தார். கவுண்டருக்கு மேலே எட்டிப் பார்த்து, "மைக்ல பேசுற அம்மா எங்க?" என்றார். "நாந்தான்" என்றேன். குனிந்து பார்த்தார். "விளையாடாத பாப்பா. பெரியவங்க யாராச்சும் இருந்தா கூப்பிடு." இந்த நரைத்த தலைக்குப் பாப்பா! அவர் புகாரை உடனே தீர்த்து வைத்தேன்.

பதில் எழுதியே ஆக வேண்டும் என்று இல்லை.

தலையணை உண்டு.
குட்டியத்தை

•

மே 9

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? எழுதாமல் இருந்ததற்குத் திட்டாதீர்கள். உங்கள் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டே வேலைக்குப் போய்வந்தேன்.

கடைசியில் இவரிடம் சொன்னேன். சமையலறையில், குழாயைத் திறந்துவிட்டு, மாமியாருக்குக் கேட்காமல். ஸ்கேனைச் சொன்னேன். மாடிப்படி பொய் என்றும் சொன்னேன். குழாயை மூடினார். "உங்க வீட்டுல மாடியே இல்லையே" என்றார். "பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கே பார்த்தேன். அவங்களுக்குச் சொல்லப் பிடிக்கலை போலன்னு விட்டுட்டேன். ஆனா அந்த அஞ்சாவது படி ஈரமா இருந்துச்சுன்னு உங்க அத்தை சொன்னாங்க பாரு, அதுல நானே பாதி நம்பிட்டேன்." நான் சிரித்தேன். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். "என்னம்மா சத்தம்?" என்று குரல் வந்தது. "வெங்காயம்மா" என்றார்.

பெற்றுக்கொள்கிறோம், அத்தை. டாக்டர் எதற்கும் உத்தரவாதம் தரவில்லை. உங்களைவிட மோசமாக இருக்கும், நுரையீரலுக்கு இடம் போதாமல் போகலாம் என்கிறார். நீங்கள் சொன்ன அந்த முகம் எனக்கு வரும், தெரியும். ஆனால் உள்ளே உதைக்கிறது, அத்தை. அந்தக் காலை வைத்துக்கொண்டு உதைக்கிறது. எனக்குப் பயமாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது.

எப்படித் தூக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

தலையணை வழியாக, இரண்டு பேரின் அணைப்புடன்,
வாலு

•

மே 24

என் செல்ல வாலுக்கு,

நலம். மாப்பிள்ளையிடம் சொல், அந்த ஐந்தாவது படியை அவர் பெயருக்கே எழுதி வைத்துவிட்டேன்.

தூக்குவது பற்றி. அக்குளில் கை கொடுத்துத் தூக்கவே கூடாது. துணி மாற்றும்போது கணுக்காலைப் பிடித்துக் காலைத் தூக்கக் கூடாது, தொடை போய்விடும். விரல்களை அகலமாக விரித்து ஒரு கையை இடுப்புக்கு அடியில் நுழை. இன்னொரு கை தலைக்கும் தோளுக்கும் அடியில். குழந்தையைத் தூக்குகிறோம் என்று நினைக்காதே, ததும்பத் ததும்பத் தண்ணீர் உள்ள தட்டைத் தூக்குகிறோம் என்று நினை. முடிந்தபோதெல்லாம் மெல்லிசான தலையணையில் வைத்துத் தலையணையைத் தூக்கு. சட்டைக்குள் அதன் கையை இழுக்காதே. நீ சட்டையின் கைக்குள் விரலை விட்டு அந்தக் கையைப் போய் அழைத்து வா. வளையல், மோதிரம் எல்லாம் கழற்று. முத்தத்துக்குத் தடையில்லை.

அம்மாவுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. என்னை உடைத்து உடைத்துத்தான் கற்றுக்கொண்டாள். நீ இலவசமாகக் கற்றுக்கொள்.

உன் அப்பா வந்தார். உன் போன் வந்ததிலிருந்து கண்ணாடியில் தன் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம். "எல்லாம் என்னாலதான்" என்றார். "அண்ணே, நல்லது எது நடந்தாலும் உன்னாலன்னுவ, இதுக்குமா போட்டிக்கு வர்ற?" என்று விரட்டிவிட்டேன். அவர் போன பிறகு இரண்டு வண்டிகள் சொல்லாமலே கிளம்பிப் போயின.

இந்தத் தலையணையில் மூன்று பேருக்கு இடம் விட்டிருக்கிறேன்.
குட்டியத்தை

•

ஆகஸ்ட் 12

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? போனில் அப்பா சொல்லியிருப்பார். பெண். மூன்று வாரம் முன்னாலேயே வந்துவிட்டாள், உங்களைப் போல அவசரக்காரி.

கண்ணின் வெள்ளை முழுக்க நீலம். பார்த்ததும் உங்கள் நினைவுதான் வந்தது. இரண்டு தொடையும் உடைந்திருக்கிறது, விலாவில் எத்தனை என்று டாக்டர் சொல்லும்போது நான் காதில் வாங்கவில்லை. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். மூக்கில் குழாய். நீங்கள் எழுதியதைப் பார்த்துப் பார்த்து இவர் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி வீட்டுக்குள் நடந்து பழகினார். மாமியார் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டார். ஆனால் இங்கே தூக்கவே விடவில்லை. "இப்ப வேண்டாம்மா. மூச்சு கொஞ்சம் நிதானத்துக்கு வரட்டும்" என்கிறார் நர்ஸ்.

உள்ளங்கை அளவு ஒரு தலையணை தைத்தேன். அதை நெஞ்சோடு வைத்து இறுக்கிவிட்டு நர்ஸிடம் கொடுக்கிறேன், அவர் அவள் காலடியில் வைக்கிறார். ஏன் என்று கேட்டார். எங்கள் வீட்டு வழக்கம் என்றேன்.

ஒரு உதவி வேண்டும். சின்ன வயதில் லீவுக்கு வந்தால் வண்டி நேரம் சொல்லித்தானே என்னைத் தூங்கவைப்பீர்கள்? அதை அவளுக்குச் சொல்லுங்கள். பதிவு செய்து அனுப்புங்கள். குரல் எதையும் உடைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தலையணை வழியாக,
வாலு

•

ஆகஸ்ட் 22

என் இரண்டு செல்லங்களுக்கும்,

நலம். பதிவு மாப்பிள்ளையின் போனுக்கு வந்திருக்கும். அது எப்படித் தயாரானது என்பதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

நேரக் காப்பாளர் கூண்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியே காவல் நின்றார். "ஒருத்தனும் ஹாரன் அடிக்கக் கூடாது, உள்ள குழந்தை தூங்குது" என்று டிரைவர்களிடம் சொன்னாராம். எந்தக் குழந்தை என்று ஒருவரும் கேட்கவில்லை. அத்தனை வண்டியும் கப்சிப். பேருந்து நிலையம் அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

முதல் வண்டியிலிருந்து வரிசையாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் எந்த நடைமேடை, எந்த வழி, எங்கே டீக்கு நிற்கும் எல்லாம். கடைசி வண்டியை மட்டும் சொல்லவில்லை. கவனித்துக் கேட்டால் உனக்குத் தெரியும். அதைச் சொல்ல மனசு வரவில்லை. அவள் மெதுவாக வரட்டும், வண்டி நிற்கும்.

கேட்டாளா? என்ன செய்தாள்? எழுது.

இந்தத் தலையணை அவளுக்கு மட்டும்.
குட்டியத்தை

•

செப்டம்பர் 19

அத்தை,

கேட்டாள். ஒவ்வொரு தடவை போட்டபோதும் மூச்சு கொஞ்சம் சீராகிறது என்று நர்ஸ் சொன்னார். எனக்காகச் சொன்னாரோ என்னவோ. "நடைமேடை" என்று நீங்கள் இழுக்கும் இடத்தில் கண்ணைத் திறப்பாள். அது நிஜம். நான் பார்த்தேன்.

போனில் இவர் உங்களிடம் சொன்னது முழுவதும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

சளி பிடித்தது. அந்த விலாவை வைத்துக்கொண்டு அவளால் இருமக்கூட முடியவில்லை. சாயங்காலம் வரை பார்த்தார்கள். எல்லாம் நின்ற பிறகு நர்ஸ் ஒவ்வொரு குழாயாக எடுத்தார், அவளுக்கு வலிக்கும் என்பது மாதிரி மெதுவாக. அப்புறம் என்னைப் பார்த்து, "இப்ப தூக்கிக்கலாம்மா" என்றார்.

நான் மோதிரத்தைக் கழற்றினேன். விரல்களை விரித்துக்கொண்டு, "எப்படித் தூக்கணும்?" என்று கேட்டேன்.

"எப்படி வேணும்னாலும்" என்றார்.

தலையணை இல்லாமல் தூக்கினேன். இறுக்கிக்கொண்டேன். நீங்கள் சொன்ன பென்சில் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். முதலில் உங்களிடம்தான்.

வாலு

•

அக்டோபர் 1

என் வாலுக்கு,

இந்தத் தடவை உன் கடிதத்தில் தலையணை இல்லை. கவனித்தேன்.

மாப்பிள்ளை போன் செய்த அன்று கூண்டிலிருந்து கடைசி வண்டியை அறிவித்தேன். தினமும் சொல்கிறதுதான். பாதியில் நின்றுவிட்டது. நேரக் காப்பாளர் உள்ளே வந்து, மைக்கைத் தன் பக்கம் திருப்பி, அந்தக் கட்டைக் குரலில் மீதியைச் சொன்னார். வழியைத் தப்பாகச் சொல்லிவிட்டார். யாரும் திருத்தவில்லை.

என் அம்மா என்னைத் தூக்கியிருக்கிறாள், குளிப்பாட்டியிருக்கிறாள், மாவுக்கட்டுக்குள் ஈர்க்குச்சியை விட்டுச் சொறிந்துவிட்டிருக்கிறாள். இறுக்கி அணைத்ததில்லை. ஒரு தடவைகூட. சட்டம் போட்டவளே மீறலாமா? அவள் போன அன்று நான் அவள்மேல் படுத்துக் கட்டிக்கொண்டேன். நான் கட்டினால் யாருக்கு என்ன ஆகும்! அவள் கை இரண்டும் பக்கத்தில் கிடந்தன. எடுத்து என் முதுகில் வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. இதை யாருக்கும் சொன்னதில்லை, இதில் சிரிக்க ஒன்றும் இல்லையே.

நீ வா. நிலையத்துக்கே வா, கூண்டுக் கதவு திறந்திருக்கும். வரும்போது தலையணை எதுவும் வேண்டாம். உள்ளே வந்து, உன் பெண்ணை எப்படிப் பிடித்தாயோ அப்படியே என்னைப் பிடி. நான் கத்தினால் விடாதே.

உடைந்தால் உடையட்டும். மாவுக்கட்டுப் போடுபவர் என்னைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது என்று கோபித்துக்கொண்டிருக்கிறார். மைக்கை மட்டும் முதலில் அணைத்துவிடுகிறேன்.

குட்டியத்தை